குடும்ப நிலை மாறினால் கல்லூரி உதவித்தொகை

சங்க அங்கத்தினர் ஒருவரின் மகனோ மகளோ கல்லூரியில் சேர்ந்து, உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, "பெற்றோரின் ஆண்டு வருமானம் வரம்பிற்கு மேற்பட்டது" என்ற காரணத்தால் விண்ணப்பம் தள்ளப்படுவது புதுமையன்று. அந்த விடை வந்த சில மாதங்களில் குடும்பத்தின் வருமானமே மாறிவிட்டால் என்ன செய்வது? சம்பாதித்தவர் இறந்துவிடுகிறார், அல்லது நோயுற்றுப் படுத்துவிடுகிறார், வெள்ளம் பயிரைக் கொண்டுபோகிறது, தறி நின்றுவிடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, கடன் தவணையைப் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாக அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பது இதுவே. "ஒருமுறை இல்லையென்று எழுதிவிட்டார்களே, இனி என்ன?" என்று மனம் சோர்ந்து, பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்பது நமது கருத்து. ஆகையால் இப்பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அறியவேண்டியது, "இல்லை" என்று சொன்னவர் யார் என்பது. கல்லூரி முதல்வர் சொன்னதாகவே பலரும் எண்ணுகின்றனர். அவரிடமே திரும்பத் திரும்பச் சென்று மன்றாடுகின்றனர். உண்மையில் கல்லூரி அலுவலகம் விண்ணப்பத்தை வாங்கி, சரிபார்த்து, மேலே அனுப்புகிறது, அவ்வளவே. வருமானம் இவ்வளவு என்று சான்று அளிப்பவர் தாசில்தார். அச்சான்றை வைத்துக்கொண்டு தொகைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது மாவட்டத்திலுள்ள நல அலுவலகம். அதாவது ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கு அத்துறையின் மாவட்ட அலுவலர். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர். வருமானக் கணக்கில் பிழையிருந்தால் தாசில்தார் அலுவலகத்தை அணுகவேண்டும். சான்று சரியாயிருந்தும் தொகை மறுக்கப்பட்டால் நல அலுவலகத்தை அணுகவேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் அலைந்தே பாதி ஆண்டு கழிந்துவிடுகிறது.

அயல்நாடுகளில் இது வேறு விதமாக அமைந்திருக்கிறது. அமெரிக்காவில் மாணவர் உதவிக்கு இரண்டாண்டுக்கு முந்திய வருமானத்தையே கணக்கில் கொள்கின்றனர். அதற்குள் குடும்பம் நொடித்துப்போயிருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு மாணவரின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, தக்க ஆவணங்களின் பேரில் அக்கணக்கை மாற்றியமைக்கும் அதிகாரத்தைச் சட்டம் கல்லூரியின் உதவி அதிகாரிக்கே அளித்திருக்கிறது. இங்கிலாந்திலோ, குடும்ப வருமானம் 15 விழுக்காடேனும் குறையுமென்று காட்டினால், பழைய ஆண்டின் கணக்கை விட்டு நடப்பு ஆண்டின் வருமானத்தையே எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். நம் நாட்டில் கல்லூரிக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. ஆயினும் வழியே இல்லை என்பதன்று. வழி புதிய வருமானச் சான்றின் மூலமாகச் செல்கிறது.

அதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரும் உதவி வருமானத்தைப் பொறுத்ததுதானா? தமிழ்நாட்டில் வருமான வரம்பே இல்லாத உதவிகள் சில உள்ளன. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவருக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை கிடையாது. தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் அளிக்கப்பட்டுவரும் கல்விக் கட்டணச் சலுகையும் வருமானத்தைப் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருவது, மாணவர் எவ்வகைப் பள்ளியில் படித்தார் என்பதைப் பார்த்தேயன்றி வருமானத்தைப் பார்த்து அன்று. இவற்றில் தடை ஏற்பட்டிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. வருமானச் சான்றை மாற்றிப் பயனில்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு ஆகியவற்றுக்கான பிற்படுத்தப்பட்டோர் நல உதவிக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகைக்குமே வருமானம் முக்கியமாகிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இவ்விரண்டிற்கும் வரம்பு 2,50,000 ரூபாய்.

இப்பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை பழமையானது. பட்டியல் வகுப்பு மாணவருக்காக 1944-ல் தொடங்கப்பட்டது. அந்நாளில் உபகாரச் சம்பளம் என்பார்கள். இதன் விதிகளில், நாம் அறிந்தவற்றுள் மிகவும் கருணையுள்ளதும் மிகக் குறைவாக அறியப்பட்டதுமான ஒரு குறிப்பு உண்டு. 2010-ல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட விதிகளில் அதனைத் தெளிவாகக் காணலாம். சம்பாதிக்கும் பெற்றோருள் ஒருவர் இறந்து, அதனால் குடும்ப வருமானம் வரம்பிற்குள் வந்துவிட்டால், அத்துயரம் நேர்ந்த மாதம் முதலே மாணவர் உதவிக்குத் தகுதி பெறுகிறார் என்பது அக்குறிப்பின் பொருள். விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துபோயிருந்தாலும், இரக்கத்தின் அடிப்படையில் அவரது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்றும் அதிலேயே கூறப்பட்டிருக்கிறது. "தேதி முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு வாருங்கள்" என்று சொல்லும் எழுத்தரிடம் இதைப் பணிவுடன் எடுத்துக் காட்டலாம். விதிகள் 2021-ல் மீண்டும் திருத்தப்பட்டன. ஆகவே நடப்பு ஆண்டின் அறிவிப்பைக் கல்லூரியில் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே மனுவில் எழுத வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கான மாநில உதவி வேறு ஆணைகளின்படி நடப்பது. அதற்கு மனுச் செய்வோர் மேற்கூறிய குறிப்பை உரிமையாக அல்லாமல், முன்மாதிரியாகக் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

அவ்விதிகளிலேயே இன்னொரு வாசகமும் உண்டு. தந்தை தாயருள் ஒருவர் உயிருடன் இருக்கும்வரை அவருடைய வருமானத்தை மட்டுமே கணக்கிட வேண்டும். குடும்பத்தில் வேறு எவர் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கலாகாது. இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காட்டுவோம். தந்தை லாரி ஓட்டி மாதம் 16,000 ரூபாயும், தாய் தறி நெய்து 6,000 ரூபாயும் ஈட்டும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,64,000. வரம்பைவிட 14,000 அதிகம். விண்ணப்பம் தள்ளப்படுகிறது. ஆகஸ்டில் தந்தை இறந்துபோகிறார். இனி வருமானம் தாயின் 72,000 மட்டுமே. ஆயின் அவ்வீட்டில் மூத்த மகன் ஒருவன் தொழிற்சாலையில் மாதம் 15,000 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவனுடைய 1,80,000 ரூபாயையும் சேர்த்து எழுதிவிட்டால், மொத்தம் 2,52,000 ஆகிறது. 2,000 ரூபாய் வித்தியாசத்தில் தங்கையின் உதவித்தொகை மறுபடியும் போய்விடும்! இவ்வாறு அண்ணன் சம்பளத்தைச் சேர்த்து எழுதிய சான்றுகளை நாம் கண்டிருக்கிறோம். எழுதியவர்கள் தீய எண்ணத்தால் எழுதினார்கள் என்று சொல்லமாட்டோம். வீட்டின் மொத்த வரவைச் சொல்லுங்கள் என்று கேட்கின்றனர். விதவைத் தாயும் கள்ளமின்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். யாருடைய வருமானம் என்பதைப் பிரித்துச் சொல்லவும் பிரித்து எழுதக் கேட்கவும் அறிந்திருக்க வேண்டும்.

மரணத்திற்குத்தான் இத்தகைய வெளிப்படையான குறிப்பு இருக்கிறது. வெள்ளம், நோய், வேலையிழப்பு ஆகியவற்றை அது சொல்லவில்லை. நம் மாவட்டத்தாருக்கு இது சிறிய செய்தியன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின் டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே நீரில் மூழ்கியது. அறுவடைக்குக் காத்திருந்த நெல்லும், கரும்பும், உளுந்தும் கெட்டன. குழித்தறி வைத்திருக்கும் நெசவாளருக்கு வீட்டினுள் நீர் புகுவது என்றால் தறிக்குழி நிறைவது. பாவு நனைந்தால் அந்தப் பாவு முழுவதும் வீண். குழி காய்ந்து மீண்டும் மிதிக்கத் தொடங்கப் பல வாரங்கள் செல்லும். இவ்வாறு இழந்த குடும்பத்தின் மாணவன் கையில் இருந்ததோ அவ்வாண்டு ஜூனில் வாங்கிய, நல்ல காலத்து வருமானச் சான்று!

இத்தகையோர் செய்யத்தக்கது புதிய சான்று பெறுவதே. நிலை மாறியதற்கான காரணத்தையும் அத்தாட்சியையும் இணைத்து, இ-சேவை மையத்தின் மூலம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நமது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றிலேயே இம்மையங்கள் நடைபெறுகின்றன. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் தாசில்தாரிடம் செல்லும். முதலாண்டில் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவரும், மறு ஆண்டில் வருமானம் குறைந்திருந்தால் புதிய சான்றுடன் புதிதாக விண்ணப்பிக்கலாம். பழைய நிராகரிப்பு ஆயுள் தண்டனையன்று.

அத்தாட்சி என்றோமே, அது எங்கிருந்து கிடைக்கும்? இங்கேதான் நம் அங்கத்தினர்கள் தம்மிடம் உள்ள செல்வத்தை அறியாதிருக்கின்றனர். விவசாயிக்கு அடங்கல் உண்டு. 1980 வரை கர்ணங்கள் எழுதிவந்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் எழுதிவரும் இக்கணக்கு, ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டை ஒட்டியது. ஃபெஞ்சல் சேதம் 1434-ஆம் பசலிக்குரியது. அந்தப் பசலியின் நகலையே கேட்டு வாங்க வேண்டும். பயிர் நிவாரணம் பெற்றிருந்தால், அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. பயிரில் 33 விழுக்காட்டிற்கு மேல் சேதம் என்று அதிகாரிகள் கணக்கெடுத்த பின்னரே, பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அப்போது வழங்கினர். ஆகவே நிவாரணம் வரவான வங்கிக் கணக்குப் பக்கம், சேதத்தை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். அதை மனுவில் இணைத்தோர் மிகச் சிலரே. ஒருமுறை வந்த அத்தொகை ஆண்டுதோறும் வரும் வருமானமன்று என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

நெசவாளரின் நிலை இன்னும் வசதியானது. சிறுவந்தாடு போன்ற ஊர்களில் பட்டு நெய்யும் குடும்பத்தின் வருமானத்தை ஊரார் கண்ணால் மதிப்பிட முடியாது. சேலையின் விலையைப் பார்த்து நெய்தவனைச் செல்வன் என்று நினைப்போரும் உண்டு. அவனுக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. பட்டும் சரிகையும் சங்கத்துடையவை. அந்தக் கூலி எவ்வளவு என்பது சங்கத்தின் கூலிப் பட்டியலில் மாதவாரியாக இருக்கிறது. 1975-ல் தொடங்கிய நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ளவருக்குக் கூலியில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படுவதால், அந்தப் பிடித்தக் கணக்கே கூலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிடும். எந்த மாதத்தில் தறி நின்றது என்பது கேட்காமலே தெரியும். சங்கச் செயலாளர் இவற்றிலிருந்து எடுத்து, "இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை இவருக்கு வழங்கிய கூலி இவ்வளவு, பாவு வழங்கப்படாத மாதங்கள் இவை" என்று முத்திரையிட்டு ஒரு சான்று தரலாம். இதற்குப் புதிய அதிகாரம் எதுவும் வேண்டியதில்லை; பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே. செயலாளர்கள் இதைத் தட்டிக்கழிக்காமல் கேட்ட வாரத்திலேயே தந்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கூடுதலாகவோ குறைவாகவோ எழுதித் தருவது மட்டும் கூடாது. ஒரு பொய்ச் சான்று வெளிப்பட்டால், அந்தச் சங்கம் தரும் மெய்ச் சான்றுகளையும் பிறகு எவரும் மதிக்கமாட்டார்.

இடையில் ஒன்று: நமது சங்கங்களின் வரவு செலவு அறிக்கையில் "கூட்டுறவுக் கல்வி நிதி" என்னும் தலைப்பைக் கண்டு, அதிலிருந்து பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்குத் தரக்கூடாதா என்று சில பொதுப்பேரவைக் கூட்டங்களில் கேட்டனர். அந்நிதி கூட்டுறவுப் பயிற்சிக்கும் பிரசாரத்திற்கும் உரியது. சங்கம் தன் விருப்பப்படி அதை எடுக்க இயலாது. நெசவாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டவர்களும், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ள சிறு, குறு விவசாயிகளும், விவசாயத் தொழிலாளரும் அவற்றின் கல்வி உதவியைத் தனியே கேட்கலாம். தொகை பெரிதன்று, பரீட்சைக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் ஆகும்.

மனுவை எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பார்த்த மனுக்களில் பல, குடும்பத்தின் கஷ்டத்தை இரண்டு பக்கம் வருணித்து, தேதி ஒன்றுகூட இல்லாமல் முடிகின்றன. படிப்பவருக்கு வேண்டியது, முன்பு வருமானம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்ன நேர்ந்தது, இப்போது எவ்வளவு, எந்த உத்தரவை மாற்றக் கேட்கிறோம் என்பவையே. விண்ணப்ப எண், மாணவரின் யூமிஸ் எண், நிராகரிப்பு வந்த நாள் ஆகியவை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். இறப்பு நேர்ந்திருந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்து, இறப்புச் சான்றின் நகல் வைக்க வேண்டும். இந்த 21 நாளைத் தவறவிட்டு, பின்னர் தாமதக் கட்டணமும் அலைச்சலுமாகச் சான்று பெறுவோர் பலர். நோய் என்றால் மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டும், வேலை போனதென்றால் முதலாளியின் கடிதமோ வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பக்கமோ வேண்டும். மூலங்களை எவரிடமும் கொடுத்துவிடலாகாது. மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை பெறாமல் அலுவலகத்தை விட்டு வெளியேறவும் கூடாது. அது இல்லையென்றால், மனுவே வரவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடும்.

தாசில்தாரின் விசாரணையில் குறை இருந்தால் மேலே கோட்ட அலுவலகம் இருக்கிறது. விழுப்புரம் கோட்டத்தாருக்கு விழுப்புரத்தில் வருவாய்க் கோட்டாட்சியர். திண்டிவனம் கோட்டத்தாருக்குத் திண்டிவனத்தில் சார் ஆட்சியர். நல அலுவலகத்தின் முடிவைப் பற்றியதாயின் மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அங்கே பெறும் மனு எண் பிற்பாடு பயன்படும். ஒரு மாதமாகியும் மனு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "எனது மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது? அது இப்போது எவரிடம் உள்ளது?" என்று இரு வரி எழுதினால் போதும். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது சட்டம். நமது அனுபவத்தில், விடை வருமுன் கோப்பே நகர்ந்துவிடுவது வழக்கம்.

இவை எல்லாவற்றிற்கும் மேலே நீதிமன்றம் உண்டு. 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த கூலித் தொழிலாளியின் மகன் ஒருவன், 17,500 ரூபாய் கட்டணத்தைக் குறித்த நேரத்திற்குள் கட்ட இயலாமல் இடத்தை இழந்தான். அவ்வாண்டு நுழைவுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியமையால் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, முடிவில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தான். அந்நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ்த் தனக்குள்ள சிறப்பதிகாரத்தைக் கொண்டு அவனுக்கு இடமளிக்க உத்தரவிட்டது. மகிழத்தக்க தீர்ப்பே. ஆயினும் டில்லி வரை செல்ல எத்தனை குடும்பங்களால் முடியும்? கட்டணத்திற்குத் தவணை வேண்டுமானால், கடைசி நாளுக்கு முன்பே முதல்வருக்கு எழுத்துமூலம் கேட்டு, உதவித்தொகை மனு நிலுவையில் இருப்பதற்கான ஒப்புகையின் நகலையும் இணைத்துவிட வேண்டும். இந்த ஒரு காரியத்தில் மட்டும் கல்லூரி முதல்வரே சரியான இடம்.

கல்விக் கடன் பெற்றோருக்கும் ஒரு சொல். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. அதற்குள் குடும்பத் தலைவர் இறந்தாலோ வருமானம் அற்றுப்போனாலோ, தவணை தொடங்குமுன்பே கிளை மேலாளருக்கு எழுதி, தவணையை மாற்றியமைக்கக் கேட்க வேண்டும். தவணை தவறிய பின் கேட்பது கடினம். வங்கி 30 நாட்களுக்குள் விடையளிக்காவிட்டாலோ, தந்த விடை திருப்தியற்றதாயினோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.

கடைசியாக, தொகை அனுமதியாகியும் கைக்கு வராத நிலை. உதவித்தொகை இப்போது மாணவரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்கிறது. அக்கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். இறந்த தந்தையுடன் கூட்டாக வைத்திருந்த கணக்கையோ, பள்ளிக்காலத்தில் திறந்து நெடுநாள் வழங்காமல் முடங்கிப்போன கணக்கையோ கொடுத்திருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் மாணவரை வங்கிக்கு அனுப்பி, கணக்கு அவர் பெயரில் நடப்பில் உள்ளதா, ஆதார் எந்தக் கணக்குடன் இணைந்திருக்கிறது என்பதைக் கேட்டு எழுதி வரச் சொல்ல வேண்டும்.